கீழ் வீட்டு விளக்கு

மகள் அறையிலிருந்த கேமரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மதியம் அதைக் கட்டில் பக்கம் திருப்பி வைத்தவள் அம்மாவான அவள்தான்.

கூடத்தில் உட்கார்ந்தபடியே செல்போனில் விரலை இழுத்து மறுபடி கட்டிலுக்குத் திருப்பினாள். போர்வைக்குள் சுருண்டு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மழைக்குச் சாயங்காலமே இருட்டிப்போய், ஈரச்சுவரின் வாடை மாடி முழுக்கப் பரவியிருக்க, மூலையில் வீட்டு இணையத்துக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டியின் பச்சை விளக்குகள் மட்டும் ஓசையில்லாமல் சிமிட்டிக்கொண்டிருந்தன.

அந்தப் பெட்டியில் கீழ் வீட்டு இணைப்புக்கான விளக்கும் சிமிட்டியது.

கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. தம்பி வெளியூரில் இருந்தான்.

நெட்வொர்க் வேலைதான் அவளுக்குச் சோறு போட்டது. அடித்த புருஷனிடமிருந்து தப்பி மகளோடு தம்பி வீட்டு மாடிக்கு வந்த அன்றே, மாடிக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று இணைய இணைப்பை இரண்டு போர்ட்டாகப் பிரித்து, நடுவில் ஈ எறும்புகூட நுழையாதபடி அடைத்திருந்தாள். இப்போது திரையைத் திறந்தால், அவள் எழுதிவைத்த விதிகளுக்கு மேலே ஒரு புது வரி. கீழிருந்து மாடிக்கு அனுமதி.

பாஸ்வேர்ட் தெரிந்த இன்னொரு ஆள், தம்பி.

மகள் விழித்துவிடக் கூடாதென்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவனுக்குப் போன் போட்டாள்.

"டேய், ஃபயர்வால்ல கை வச்சியா?"



"மாமா ரொம்ப அழுதாருக்கா. பிள்ளையைக் கேமராவுலயாவது பாக்கணும்னாரு. கீழ உக்காந்து பாத்துட்டுப் போயிடுங்கன்னேன்..."

"வேலியே பயிரை மேஞ்சா நான் எங்கடா போவேன்?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணாருக்கா. அதான் மாடி வைஃபை பாஸ்வேர்டு, சாவிக்கொத்து எல்லாம் குடுத்து..."

போனை வெட்டிவிட்டு ஓடி வந்தாள். அந்த வரியை அழித்தாள்.

விளக்கைப் பார்த்தாள். கீழ் வீட்டு விளக்கு ஏற்கெனவே சிமிட்டாமல் நின்றிருந்தது.

போய்விட்டானா?

கையிலிருந்த செல்போனில் காட்சி அசைந்தது. அவள் விரல் திரையில் இல்லை. கேமரா தானாகக் கழுத்தைத் திருப்பியது.

வழியை அடைத்தாயிற்று. பிறகு எப்படி?

ஃபயர்வால் இரண்டு வீட்டுக்கும் நடுவே போவதைத்தான் மறிக்கும். ஒரே மாடிக்குள் நடப்பது அதன் கண்ணில் படாது. அவளே தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

கேமரா மகளின் முகத்தில் ஒரு கணம் நின்றது. போர்வையில். தொங்கும் சின்னக் கையில்.

பிறகு இன்னும் கீழே குனிந்தது.

கட்டிலுக்கு அடியில் ஒரு செல்போன் வெளிச்சம். அந்த நீலத்தில், மழை சொட்டும் தாடி. கேமராவைப் பார்த்து, உதட்டின் மேல் விரல் வைத்திருந்தான்.