வலது சக்கரத்தின் பாரம்

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மதியத்தில், நடக்கிற வேகத்தில் காரை உருட்டிக்கொண்டு அவள் அந்த டயர் கடைக்கு வந்து சேர்ந்தாள். காருக்குப் பின்னால் கேரவன். இரண்டே சக்கரம், தகரக் கூரை, உள்ளே ஒரு கட்டிலும் சின்ன அடுப்பும். விடுமுறைக்கு ஏரிப் பக்கமோ மலைப் பக்கமோ இழுத்துப்போய்த் தங்குகிற வண்டி. மூன்று வருஷமாகக் கொட்டகையை விட்டு அது வெளியே வரவில்லை.

கடை நெடுஞ்சாலை ஓரத்தில், இரும்புக் கூரை போட்ட நீளமான கூடம். பகலிலேயே விளக்கு எரிந்தது. கூரை வரைக்கும் அடுக்கியிருந்த டயர்களின் கறுப்பு அந்த வெளிச்சம் முழுவதையும் குடித்துவிட்டிருந்தது. ரப்பர் நெடி மூக்கைத் துளைத்தது.

"வாங்கம்மா," என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார் டயர்க்காரர். ஐம்பது தாண்டியவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். விடுமுறை நாள் என்பதால் கடையில் வேறு யாரும் இல்லை.

"ரெண்டு டயரும் மாத்தணும்ணா. இந்த வண்டியை என் தங்கச்சிக்குக் கொடுக்கப்போறேன். அவளுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க. எது ரொம்ப நாள் உழைக்குமோ அதையே போடுங்க."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழைய டயரைத் தடவிப் பார்த்தார்.

"ரோட்டுல படற பட்டன் எல்லாம் புதுசாட்டம் இருக்கேன்னு ஏமாந்துடக் கூடாதும்மா. கார் டயர் ஓடித் தேயும். இந்த வண்டி டயர் நின்னே சாகும். பாருங்க, பக்கம் பூரா விரிசல். இந்த நாலு நம்பர் என்னன்னு தெரியுமா?"

"தெரியும். முதல் ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். டயர் செஞ்ச தேதி."

"பரவாயில்லையே! நிறையப் பேருக்குத் தெரியாது."

அவளுக்கும் முன்பு தெரியாது. அவள் மருந்துக்கடை நடத்துகிறவள். மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் யார் கையிலும் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவள்தான் மூன்று வருஷத்துக்கு முன்பு, ஏரிக்குக் கிளம்பிய காலையில், "டயரை மாத்திட்டுப் போலாமா?" என்று கேட்ட புருஷனிடம், "பளபளன்னு இருக்கு, இந்தத் தடவை போய்ட்டு வந்து மாத்திக்கலாம்" என்று சொன்னாள்.

பாதி வழியில், கொட்டுகிற மழையில், வலப்பக்க டயர் வெடித்தது. லாரிகள் போகிற பக்கம். "நீ எறங்காத, நனைஞ்சிடுவ" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் இறங்கினார். சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. லாரிக்காரன் மழையில் பார்க்கவில்லையாம். கேரவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை; மாற்று டயரைப் பூட்டி யாரோ கொட்டகையில் கொண்டுவந்து விட்டார்கள்.

டயர்க்காரர் மூன்று விதமான டயர்களை உருட்டிவந்து வரிசையாகச் சாய்த்தார்.

"இது கார் டயர். மெத்துன்னு ஓடும், ஆனா இந்த வண்டிக்கு ஆகாது. பாரம் ஏறினா பக்கம் நெளியும். இது இழுவை வண்டிக்குன்னே செஞ்சது, பக்கம் கெட்டி. இதுவும் அதே ஜாதிதான், பாரம் இன்னும் கூடத் தாங்கும். எது வேணும்னு வண்டியை எடை போட்டுத்தான் சொல்லணும். உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் காலி பண்ணிட்டேன். தண்ணித் தொட்டிகூட."

சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு தராசுப் பலகைகளைத் தரையில் வைத்து, கேரவனை மெல்ல அவற்றின் மேல் ஏற்றினார்கள். இடப்பக்கம் நானூற்றுப் பத்து கிலோ காட்டியது.

வலப்பக்கம் நானூற்று எண்பத்து நாலு.

"காலி வண்டிங்கறீங்க?" டயர்க்காரர் தலையைச் சொறிந்தார். "பலகைதான் மக்கர் பண்ணுது போல."

பலகைகளை இடம் மாற்றி வைத்தார். எண்கள் மாறவில்லை. வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பி ஏற்றினார். அப்போதும் வலது சக்கரத்தில் மட்டும் எழுபத்து நாலு கிலோ கூடுதல்.

எழுபத்து நாலு.

அவளுடைய கடையில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று உண்டு. சனிக்கிழமைதோறும் அதில் ஏறி நின்று, "நான் மாறாத மனுஷன் பாத்தியா, அதே எழுபத்து நாலு" என்று சிரிப்பார் அவள் புருஷன்.

"அம்மா," என்றார் டயர்க்காரர். குரல் தாழ்ந்திருந்தது. "உள்ள யாராவது தூங்கறாங்களா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

அப்போது வலப்பக்க எண் குறையத் தொடங்கியது.

எண்பத்து நாலு அறுபதானது. அறுபது நாற்பதானது. அதற்கு ஈடாக இடப்பக்க எண் ஏறியது. கேரவனின் தரைப்பலகை ஒரு முறை முனகியது. பிறகு இன்னொரு முறை, கதவுக்குக் கிட்டே.

யாரோ எழுந்து, குறுக்கே நடந்து, வாசலில் வந்து நின்றதுபோல.

டயர்க்காரர் இரண்டடி பின்வாங்கினார். கையிலிருந்த ஸ்பானர் சிமெண்டுத் தரையில் விழுந்து கூடம் முழுக்கக் கணகணத்தது.

"போகாதீங்கம்மா," என்று கிசுகிசுத்தார்.

அவள் கதவைத் திறந்தாள்.

உள்ளே யாரும் இல்லை. மூன்று வருஷமாகக் காய்ந்து கிடந்த அந்தச் சின்ன அறையில் நனைந்த தார்ச்சாலையின் வாடையும் பொசுங்கிய ரப்பர் வாடையும் அடித்தன. அந்த வாடை அவளுக்குத் தெரியும். அன்றைக்குக் கார்க் கதவைத் திறந்துகொண்டு ஓடியபோது முகத்தில் அடித்த வாடை. ஓடிவிடலாமா என்று கால்கள் தவித்தன.

ஓடவில்லை. கட்டிலின் இடது ஓரத்தில், தான் எப்போதும் படுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவளுக்கு வலப்பக்கத்தில் மெத்தை மெதுவாக அமுங்கியது.

"இங்கயாங்க இருக்கீங்க?" என்றாள். "இருட்டுக் கொட்டகையில, இத்தனை நாளும்? நான் ஒரு தடவைகூட வந்து திறந்து பாக்கலியே."

கூரையில் தூறல் விழும் சத்தம் மட்டும்.

"நீங்க மாத்தலாம்னுதான் சொன்னீங்க. நான்தான் வேண்டாம்னேன். யார்கிட்டயும் சொல்லல. உங்க அம்மாகிட்டகூட சொல்லல. எல்லாரும் லாரிக்காரனைத் திட்டறப்போ நானும் சேர்ந்து திட்டினேன்."

முகத்தைப் பொத்திக்கொண்டு, மூன்று வருஷமாக அழாத அழுகையை அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, தங்கையின் பிள்ளைகள் இங்கே படுக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு வந்தது. இறங்கிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கு மனசு வரவில்லை.

"சின்னவ பிள்ளைங்க வருதுங்க," என்று மட்டும் சொன்னாள். "அதுங்க பயந்துக்கும். பாத்துக்கோங்க."

வெளியே டயர்க்காரர் கடை வாசலில், மழைச் சாரலில் நின்றிருந்தார்.

"கூடப் பாரம் தாங்கறதையே போடுங்கண்ணா. அந்த எழுபத்து நாலையும் சேர்த்தே வச்சுக்கோங்க. தேதி மட்டும் காட்டுங்க."

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, டயரின் ஓரத்தில் இருந்த நாலு எண்களைக் காட்டினார். செய்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார், நட்டுகளை இரண்டு முறை இறுக்கினார், காற்றை முழு அளவுக்கு அடைத்தார். வலப்பக்கம் வேலை செய்தபோது மட்டும், "ஒரு நிமிஷம் சாமி, இதோ ஆச்சு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியாக ஒரு முறை பலகைகளில் ஏற்றிப் பார்த்தார்கள்.

இடப்பக்கம் நானூற்றுப் பதினொன்று. வலப்பக்கமும் நானூற்றுப் பதினொன்று.

"போயிடுச்சும்மா," என்று பெருமூச்சு விட்டார் டயர்க்காரர். "இனிமே பிள்ளைங்க நிம்மதியாத் தூங்கும்."

அவளுக்கு அந்த எண்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சொல்லித் தீர்த்ததும் போய்விட்டாரா? கதவைத் திறந்து பார்த்தாள். மெத்தை சமமாகக் கிடந்தது. பழைய மரத்தின் வாடையும் தூசியும்தான். ஒரே மனுஷனை இரண்டாம் முறை பறிகொடுத்தவள்போல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தங்கை வீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம். கேரவன் ஆடாமல் அசையாமல் பின்னால் வந்தது. மேகம் தாழ்ந்து சாலையை மூடியிருந்தது. மணி நாலுதான், ஆனாலும் எதிரே வந்த வண்டிகள் விளக்கைப் போட்டிருந்தன. துடைப்பான் கண்ணாடியில் போய்வந்துகொண்டிருந்தது. அவள் ரேடியோவைக்கூடப் போடவில்லை.

கடையை விட்டு இரண்டு மைல் தாண்டியிருப்பாள்.

டிங்.

டிங். டிங்.

காருக்குள் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த ஆள் பெல்ட் போடாவிட்டால் எரியும் விளக்கு.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவளுடைய கைப்பைகூடப் பின்னால்தான் கிடந்தது.

டிங். டிங். டிங்.

சாலை அகலமான ஓர் இடத்தில் ஒதுங்கி நிறுத்தினாள். எட்டிக் குனிந்து, அந்தப் பக்கத்துப் பெல்ட்டை இழுத்து, காலி இருக்கைக்குக் குறுக்கே கொண்டுவந்து மாட்டினாள்.

சத்தம் நின்றது.

பெல்ட் இருக்கையில் படியவில்லை. ஒரு சாண் முன்னால் விறைப்பாக நின்று, மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது.