கட்டம் சேர்ந்த சுவர்

பம்பரம் என்ற சிறுமியின் வீட்டுக் கொல்லைச் சுவர் மழையில் சரிந்துவிட்டது. முழுச் சுவரும் இல்லை, நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும்தான். ஆனால் பக்கத்து வீட்டு நாய் தடியனுக்கு அந்த இடைவெளி தாராளமாகப் போதும்.

தடியன் பெயருக்கேற்ற நாய். பம்பரம் வளர்க்கும் பஞ்சுவோ பெயருக்கேற்ற முயல். இரண்டுக்கும் நடுவில் சுவர் இல்லையென்றால் என்ன ஆகும்? திங்கட்கிழமை தடியன் பாய்ந்து வந்து கூண்டைக் கவிழ்த்தது. பஞ்சு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இருட்டும்வரை வெளியே வரவில்லை. புதன்கிழமையும் அதே கதை. இந்த முறை பஞ்சுவின் காதில் ஒரு கீறல்.

அன்று மாலை தடியனின் எஜமானர், மருந்துக்கடை மாமா, கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வரைக்கும் இவனைக் கட்டி வைக்கிறேன். அதுக்கு மேல என்னால ஆகாதுப்பா. கட்டிப் போட்டா ராத்திரி பூரா ஊளையிட்டே என் உயிரை எடுக்கிறான்."

அப்பா தலையைச் சொறிந்தார். அவர் பஸ் டிரைவர். எவ்வளவு பெரிய நெரிசலிலும் பஸ்ஸை நுழைத்துவிடுவார், ஆனால் வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் தலையைச் சொறிவார்.

"கொத்தனார் ஒரு மாசம் கழிச்சுத்தான் வருவேன்னுட்டார். அதுவரைக்கும் பஞ்சுவை அத்தை வீட்டுக்கு அனுப்பிடலாம்."

அத்தை வீடு ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். போனால் பஞ்சு திரும்பி வராது என்று பம்பரத்துக்கு நன்றாகத் தெரியும். அத்தைக்கு முயல் என்றால் உயிர். பம்பரம் சட்டென்று சொன்னாள்:

"சுவரை நாமே கட்டலாம்ப்பா."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "சுவர்னா என்ன, சோப்பு டப்பா அடுக்குற விளையாட்டா?"

தையல் மெஷினின் கடகட சத்தம் நின்றது. அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் கட்டக் கூடாது? விழுந்த செங்கல்லு அப்படியேதான் கிடக்கு. சிமென்டும் மணலும் வாங்கினாப் போதும். கலவை போடுறது எப்படின்னு போன்ல பார்த்துக்கலாம்."

"சரிதான். அம்மாவும் பொண்ணும் கட்டுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் தள்ளிப் பார்ப்பேன். ஆடுச்சுன்னா பஞ்சு அன்னிக்கே ரயில் ஏறிடும்."

"ஆடாதுப்பா!" என்றாள் பம்பரம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவள் அதுவரை ஒரு செங்கல்லைக்கூட அடுக்கியதில்லை என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை காலையிலேயே வேலை ஆரம்பமானது. சிமென்ட் தோலை அரிக்கும் என்பதால் இருவரும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டார்கள். செங்கற்களை வாளித் தண்ணீரில் போட்டதும் அவை குமிழி குமிழியாக மூச்சு விட்டன.

"எதுக்கும்மா கல்லைக் குளிப்பாட்டுறே?"

"காய்ஞ்ச கல்லு கலவையில இருக்கிற தண்ணியை எல்லாம் குடிச்சிடுமாம். அப்புறம் ஒட்டாதாம்."

முதல் கலவை கரண்டியில் நிற்காமல் வழிந்து ஓடியது. அம்மா முகத்தைச் சுளித்துவிட்டு இன்னும் கொஞ்சம் மணலும் சிமென்டும் சேர்த்தாள். இரண்டாவது கலவை கரண்டியைச் சாய்த்தாலும் அசையாமல் நின்றது. "இதுதான் பதம்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

இடிந்த இடத்தைக் கட்டுவது அம்மாவின் வேலை. இருபக்கமும் நிற்கும் பழைய சுவரில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உதிர்ந்துபோன கலவையைச் சரிசெய்வது பம்பரத்தின் வேலை. பழைய திருப்புளியால் இடுக்கைச் சுரண்ட வேண்டும். பிரஷ்ஷால் தூசியைத் தட்ட வேண்டும். தண்ணீர் தெளித்துவிட்டு, புதுக் கலவையை உள்ளே அழுத்தித் திணிக்க வேண்டும்.

"அது யாரோட பல் பிரஷ்?" என்று கேட்டார், வேடிக்கை பார்க்க வந்த அப்பா.

"பழசுதான்ப்பா."

"பழசா? நேத்துதானே வாங்கினேன்!"

பம்பரம் பிரஷ்ஷைத் திருப்பிப் பார்த்தாள். இனி அது பல்லுக்கு ஆகாது. அப்பா பெருமூச்சு விட்டபடி கடைக்குப் போனார்.

அம்மா வேலையில் இறங்கினால் அதில் ஒரு பிசிறு இருக்காது. இடிந்த சுவரின் ஓரத்தில் செங்கற்கள் ஒன்று நீண்டும் ஒன்று குறைந்தும் பல்லிளித்தன. "பிசிறை வெட்டாம ஒட்டுத் துணி வைக்க முடியுமா?" என்று சொல்லி, நீண்டிருந்ததை எல்லாம் சுத்தியலால் தட்டி ஓரத்தை நேராக்கினாள். பிறகு கல்லுக்கு மேல் கல்லாக நேருக்கு நேர் அடுக்கினாள். சாயங்காலம் பார்த்தால் குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் இம்மியும் பிசகாமல், இஸ்திரி போட்ட கட்டம் போட்ட சட்டை மாதிரி நின்றது சுவர்.

"பாரு, கட்டத்தோட கட்டம் எப்படிச் சேர்ந்திருக்கு!" என்றாள் அம்மா. அவள் சட்டை தைத்தால் பாக்கெட்டில் இருக்கும் கட்டம்கூட உடம்பில் இருக்கும் கட்டத்தோடு சேர்ந்துதான் இருக்கும். அது ஒரு நூல் தள்ளிப் போனாலும் அவளுக்குத் தூக்கம் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை பல்கூட விளக்காமல் பம்பரம் கொல்லைக்கு ஓடினாள். தான் சரிசெய்த பழைய சுவரை ஆசையாகத் தடவினாள். விரலைக் கலவைக் கோட்டில் வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். ஒரு கல் வந்து விரலை மறித்தது. பக்கத்தில் நகர்ந்து மறுபடி இறங்கினாள். மறுபடியும் ஒரு கல் குறுக்கே நின்றது. பழைய சுவரில் ஒவ்வொரு கல்லும் கீழே உள்ள இரண்டு கற்களின் மேல் பாதிப் பாதியாக உட்கார்ந்திருந்தது.

அடுத்து அம்மாவின் சுவரில் விரலை வைத்தாள். விரல் தடையே இல்லாமல் சர்ரென்று தரைவரை இறங்கியது.

உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில், மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல ஒரு விரிசல் விட்டது.

அந்த நேரம் பார்த்து அம்மா மருந்துக்கடை மாமாவை அழைத்துக்கொண்டு வந்தாள்.

"அடேயப்பா! கொத்தனார் தோத்தார் போங்க!" என்று மாமா வாயைப் பிளந்தார். அம்மாவின் முகம் பூரித்துப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

சொல்லாமல் விட்டால் அப்பா தள்ளும்போது ஒருவேளை தப்பித்துவிடலாம். ஆனால் தடியன் ஒருநாள் ஓடிவந்து மோதினால்? சுவர் இந்தப் பக்கம் விழுந்தால் பஞ்சு நசுங்கும். அந்தப் பக்கம் விழுந்தால் தடியன் நசுங்கும். தடியன் மேல் அவளுக்குக் கோபம்தான், ஆனால் அந்த அளவுக்குக் கோபம் இல்லை.

"அம்மா," என்று இழுத்தாள். "சட்டை எப்பவும் எங்கேம்மா பிரியும்?"

"இதென்ன கேள்வி? தையல்லதான் பிரியும்."

"மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே நேரா தையல் இருந்தா?"

"ஒரு இடத்துல விட்டாப் போதும், சர்ருனு கடைசி வரைக்கும் போயிடும்."

பம்பரம் அம்மாவின் விரலைப் பிடித்துப் பழைய சுவரில் வைத்து இழுத்தாள். விரல் முட்டி முட்டி நின்றது. பிறகு புதுச் சுவரில் வைத்தாள். விரல் வழுக்கிக்கொண்டு தரைக்குப் போனது.

அம்மா தானே இன்னொரு முறை விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். பம்பரத்துக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. திடீரென்று அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடி ஆத்தி! சுவருக்கு நான் நேர்த்தையல் போட்டு வச்சிருக்கேன்!"

"பிரிக்கவா போறீங்க? இவ்வளவு அழகா இருக்கே!" என்று மாமா பதறினார்.

"அழகா இருந்து என்ன பண்றது? தப்பாத் தச்சா பிரிச்சுத்தான் ஆகணும். எத்தனை சட்டையைப் பிரிச்சிருக்கேன், சுவர் ஒண்ணு பிரிக்க மாட்டேனா?"

கலவை இன்னும் முழுதாக இறுகவில்லை. கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. பம்பரம் அவற்றைச் சுரண்டிக் கழுவினாள். பழைய சுவரின் ஓரத்தில் அம்மா தட்டி உடைத்ததில் மிஞ்சிய அரைக்கற்களைத் திருப்புளியால் நெம்பி எடுத்தார்கள். அந்தப் பொந்துகளுக்குள் புதுக் கல்லின் பாதி நுழைந்ததும், இரண்டு கை விரல்களைக் கோத்தது போல இரண்டு சுவரும் கோத்துக்கொண்டன.

"நடுவுல வைம்மா, நடுவுல! ரெண்டு கல்லு மேலயும் உட்காரணும்!" பம்பரத்தின் அதிகாரம் தெருவரைக்கும் கேட்டது. சும்மா எட்டிப் பார்க்க வந்த அப்பாகூடக் கல் சுமக்க வேண்டியதாயிற்று.

சுவர் எழும்பியதும் அம்மா தள்ளி நின்று பார்த்தாள். "கட்டம் சேரலையேன்னு கண்ணு உறுத்துது. பரவாயில்ல, பழகிக்கிறேன்."

அந்த வாரம் முழுவதும் சுவர் காயாமல் ஈரச் சாக்கு போர்த்தி, பள்ளிக்குப் போகும்முன்பும் வந்தபின்பும் பம்பரம் தண்ணீர் ஊற்றினாள். நடுவில் ஒருநாள் மழை கொட்டியது. அப்போதும் குடையைப் பிடித்துக்கொண்டு குவளையோடு போனாள்.

"மழைதான் ஊத்துதே!" என்றார் அப்பா.

"மழை பாட்டுக்கு அது ஊத்தட்டும்ப்பா. நான் பாட்டுக்கு நான் ஊத்துறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சுவரின் முன் நின்றார். முதலில் ஒரு கையால் தள்ளினார். பிறகு இரண்டு கையாலும் தள்ளினார். கடைசியில் காலை ஊன்றித் தோளைக் கொடுத்து "ம்ம்ம்!" என்று முக்கினார். முகம் சிவந்ததே தவிர, சுவர் அசையவில்லை.

"போதுங்க, சட்டை கிழிஞ்சா தைக்க எனக்கு நேரமில்ல," என்றாள் அம்மா.

மருந்துக்கடை மாமா தடியனை அவிழ்த்துவிட்டார். அது வழக்கம்போல நாலுகால் பாய்ச்சலில் வந்து, அதே வேகத்தில் சுவரில் மோதி, பொத்தென்று உட்கார்ந்தது. எழுந்து செங்கல்லை ஒருமுறை மோந்து பார்த்தது. யாரும் பார்க்காத மாதிரி திரும்பி நடந்துவிட்டது.

அப்பா போனை எடுத்தார்.

"அக்கா, முயல் வரல."

"ஏன்டா? நான் கூண்டெல்லாம் வாங்கி வச்சிருக்கேனே!" என்று அத்தை கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

"என்னக்கா பண்றது? எங்க வீட்டுல ரெண்டு கொத்தனார் கிளம்பியிருக்காங்க."

பம்பரம் கூண்டைத் திறந்து பஞ்சுவைக் கொல்லையில் விட்டாள். அது ஒரு சுற்று ஓடியது. பிறகு புதுச் சுவரை ஒட்டி, வயிற்றைத் தரையில் பரப்பி, காதுகளைத் தளரவிட்டு, பட்டப்பகலில் நிம்மதியாகத் தூங்கிப்போனது.