மூன்றாவது வரி

"கொஞ்சம் மெதுவாச் சுரண்டுங்க... பசை இன்னும் காயல."

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டதும் அவள் கையிலிருந்த வீட்டுச்சாவி நழுவி விழுந்தது. திரும்பினாள். தூறலில் தலை நனைந்து, தோளில் ஏணியோடு ஒருவன் நின்றான். வாயெல்லாம் சிரிப்பு... ஆனால் அந்தக் கண்கள்! கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்களைச் சோதிப்பதுதான் அவள் பிழைப்பு. பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவள். அப்படிப்பட்டவளுக்கே ஒரு நொடி மூச்சு நின்றது. வாய் சிரிக்கும்போதும் சிரிக்காத கண்கள்... இப்படியும் இருக்குமா?

"இந்தப் பலகையை யார் ஒட்டினது?" என்றாள் சுள்ளென்று.

"நான்தாங்க. காலையில ஒட்டினேன். சாயங்காலமே இப்படி ஒரு ரசிகை வருவாங்கன்னு நினைக்கல."

அவளுக்குச் சிரிப்பா வரும்? பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் நூல் ஆலை ஓடியது. ஆலையை மூடி வருஷக்கணக்காகிறது. இப்போது அங்கே அழகான நடைபாதை. புகைபோக்கிக்கு வண்ண விளக்கு. படகிலிருந்து பஞ்சுப் பொதி தூக்கிய கிரேனுக்கு அடியில் காபிக் கடை. வெடித்துச் சிதறிய பாய்லர் அறையில் மிச்சமிருந்த ஒற்றைச் சுவருக்கு முன்னால், நின்று படமெடுத்துக்கொள்ள ஒரு மேடை வேறு. கடைத் தோழிகள் இழுத்த இழுப்புக்குத்தான் அவள் வந்தாள். இருபது வருஷமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். வந்த இடத்தில் பலகை, பலகையில் மூன்றாவது வரி: 'பாய்லர் ஆபரேட்டர் பணிநேரத்தில் உறங்கியதால் நேர்ந்த விபத்தில் பதினோரு தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.'

பன்னிரண்டாவதாக அந்த ஆபரேட்டரும்தான் செத்தார். அவரை யார் சேர்த்தார்கள்? அவர் அவளுடைய அப்பா.

ஏணிக்காரனிடம் அவள் கொட்டித் தீர்த்தாள். அப்பா மூன்று ஷிப்ட் தொடர்ந்து நின்றது, வால்வு இறுகிப்போயிருக்கிறது என்று மேலாளரிடம் தலைப்பாடாய் அடித்துக்கொண்டது, அவர் செத்த ஒரே வாரத்தில் குவார்ட்டர்ஸை விட்டுத் துரத்தியது, பள்ளிக்கூடத்தில் ஒன்பது வயதுப் பிள்ளையான தன்னைப் 'பாய்லர்' என்று கூப்பிட்டது... எல்லாம். கேட்கக் கேட்க அவன் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது. இரக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

இரண்டாம் நாள் கடைக்கே வந்துவிட்டான். இருட்டறையில் உட்காரவைத்து எழுத்துகளைக் காட்டினால், கடைசி வரியின் பொடி எழுத்துவரை கடகடவென்று படித்தான். கண்ணில்தான் ஒன்றுமில்லையே, பிறகு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். "சும்மா வந்தா உள்ள விடமாட்டீங்களே..." என்றான். அந்த இருட்டில் தன் முகம் சிவந்தது அவனுக்குத் தெரிந்திருக்காது என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

நகராட்சியில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தான். செத்தவர்களின் குடும்பங்கள் சம்மதித்தால் அந்த வரியை எடுத்துவிடுவார்களாம். வீட்டுக்கு இரண்டு கையெழுத்து: மனைவியும் மூத்த பிள்ளையும். மனு அவள் பெயரில். வீடு வீடாய் அலைவது அவன் பொறுப்பு.

அப்புறம் ஞாயிறுதோறும் ஆற்றங்கரை. காபி வாங்கித் தருவான், வாய் ஓயாமல் வம்பளப்பான், நகரத்துப் பெயர்ப்பலகைகளில் தான் செய்த பிழைகளைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பான். ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. பாய்லர் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் எப்போதும் உட்காருவான். இருந்தாலும் என்ன... ஞாயிறு எப்போது வரும் என்று அவள் மனசு திங்கட்கிழமையே கேட்க ஆரம்பித்துவிட்டது. உனக்கு இதெல்லாம் தேவையாடி என்று தன்னையே திட்டியும் பார்த்தாள். கேட்டால்தானே?

பத்து வீடு முடிந்தது. பதினோராவது வீட்டில் நின்றுபோனது.

"அந்தம்மா மாட்டேங்கறாங்க," என்றான் தரையைப் பார்த்து. தானே போய்க் காலில் விழுகிறேன் என்றாள் அவள். வேண்டவே வேண்டாம் என்றான். ஒரு மாதம் இழுத்தடித்தான்.

பொறுத்துப் பார்த்தவள் நகராட்சியில் பட்டியலை வாங்கிக்கொண்டு அவளே கிளம்பினாள். மூன்றாம் மாடி. கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவன் அவன்.

உள்ளே சுவரில் ஆலை உடுப்பில் ஓர் ஆளின் படம், மாலையோடு. அதே கண்கள்.

"யாருப்பா?" என்று வந்த அம்மாவிடம், "அந்த ஆபரேட்டரோட மகள்மா," என்றான்.

அந்த அம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். திட்டப்போகிறாள் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"உடம்பை அடையாளம் காட்ட என்னையும் கூட்டிட்டுப் போனாங்கம்மா. உங்கப்பா கையை அந்த வால்வுச் சக்கரத்துலேர்ந்து பிரிக்கவே முடியல. தூங்கினவர் கை அங்க எப்படிப் போகும்? வெளிய சொன்னா குவார்ட்டர்ஸ் போயிடும், மூணு பிள்ளைங்க... வாயை மூடிக்கிட்டேன். உன் குடும்பம் தெருவுல நின்னுச்சு. இவன் தாளைக் கொண்டுவந்த அன்னிக்கே இவன்கிட்ட இதைச் சொல்லிட்டு, என் கையெழுத்தைப் போட்டுட்டேன்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஆமா, போடாதது நான்தான்," என்றான். "அம்மா மேல பழியைப் போட்டேன். இருபது வருஷமா உங்கப்பாவைத் திட்டிட்டுத்தான் படுப்பேன். எங்கப்பா குரல்கூட மறந்துபோச்சு... இந்தக் கோபம் ஒண்ணுதான் அவருக்குன்னு என்கிட்ட மிச்சம். அதையும் விட்டுட்டா அவருக்குன்னு என்ன இருக்கு என்கிட்ட?"

அவள் எழுந்தாள். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிறு ஞாயிறாகத் தன்னோடு சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் அப்பாவைத் திட்டியிருக்கிறான்! இந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் குடி முழுகிப் போகாது என்று சொல்லிவிட்டுக் கடகடவென்று படி இறங்கினாள்.

வெளியே நல்ல மழை. வாசல் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்றாள். பின்னாலேயே வந்தான். சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்து, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். பேனா இரண்டு தடவை நின்றது. போட்டு முடித்ததும் அப்படியே படியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். அப்பா செத்ததற்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதானோ என்னவோ.

அவள் தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். போகலாம். போயிருக்கவும் வேண்டும். கால் நகரவில்லை.

"உங்களைப் பிடிச்சிருக்கு," என்றான் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அந்த முதல் நாளே. உங்கப்பாவைத் திட்டின இதே வாயாலதான் சொல்றேன்... நீங்க பதில் சொல்லணும்னு இல்ல."

அவள் அவனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு," என்றாள். "இல்லன்னா இவ்வளவு வலிக்காது."