பிரிக்காத உறை

எத்திராஜ் மூன்றாவது முறையாக உள்ளங்கையைத் தகட்டில் வைத்தான். மறுபடியும் சிவப்பு.

"பொய் சொல்றீங்களா சார்?" என்று கேட்டார் அதிகாரி ரெஹனா. குரலில் கோபமில்லை. ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்கிற கேள்வி அது.

"இல்ல மேடம். நல்ல தீவனம். மருந்து கலந்த குருணை. அறிக்கைய ஒவ்வொரு பக்கமா நானே படிச்சிருக்கேன். இதோ, பாருங்க."

ரெஹனா அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. துறைமுகத்தில் காகிதம் பார்க்கிற வழக்கம் நின்று ஆறு வருடமாகிறது. முன்பெல்லாம் அலங்கார மீன் தீவனம் ஒரு பெட்டி வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு, அந்த நாட்டு மருத்துவரின் நலச் சான்று, உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல், ஆய்வகத்தில் மாதிரி சோதனை என்று உயிரை வாங்குவார்கள். சான்றுகளில் பாதி போலி. பிறகுதான் உறுத்தல்மானி வந்தது. கையை வைத்து, ‘இந்தத் தீவனத்தால் எந்த மீனுக்கும் தீங்கு வராது’ என்று சொன்னால் போதும். வியர்வையையும் நாடியையும் கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தையும் சேர்த்துப் பார்த்து, சொல்கிறவனின் மனம் உறுத்துகிறதா என்று கண்டுபிடித்துவிடும். உறுத்தாவிட்டால் பச்சை, பெட்டி மூன்று நொடியில் வெளியே. காகிதம் பொய் சொல்லும், மனம் சொல்லாது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆய்வகத்தை மூடி அந்த இடத்தில் கேன்டீன் கட்டினார்கள்.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? ஒரே வருடத்தில் ஒரு வழக்கம் பிறந்தது. தீவனம் அனுப்புகிற கம்பெனி சோதனை அறிக்கையை ஒட்டிய உறையில் போட்டு அனுப்பும். சரக்கு வெளியே வரும்வரை உறையை யாரும் பிரிக்க மாட்டார்கள். தெரியாத விஷயம் எப்படி உறுத்தும்? படித்துவிட்டுக் கை வைக்கிறவனைக் கொளத்தூர் அலங்கார மீன் கடைக்காரர்கள் பிழைக்கத் தெரியாதவன் என்றார்கள்.

எத்திராஜும் பிழைக்கத் தெரிந்தவனாகத்தான் இருந்தான். போன மாதம் உலர்புழுத் தீவனம் அறுபது பெட்டி வந்தது. உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கையை வைத்தான். பச்சை. பெட்டிகளை விற்று எட்டு நாள் கழித்து, சட்டையைத் துவைக்கப் போடும்போதுதான் உறை ஞாபகம் வந்தது. பிரித்தான். ‘இந்தத் தொகுதியில் நோய்க்கிருமி இருக்கலாம். மறுசோதனை முடியும்வரை எந்த மீனுக்கும் போட வேண்டாம்.’ இரண்டே வரி.

அதற்குள் அவனிடம் தீவனம் வாங்கும் பிரிசில்லாவின் மீன் பண்ணையில் போட்டாகிவிட்டது. நாற்பது தொட்டி தங்கமீன். இவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் செத்த மீன்களை பக்கெட்டில் அள்ளிக்கொண்டிருந்தாள். மிஞ்சியவை பதினோரு தாய் மீன்கள். அவையும் வயிறு வீங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துகின்றன. மருந்துக் குருணை நாளைக்குள் போய்ச் சேர்ந்தால் பிழைக்கும். தாய் மீனும் போனால் பண்ணையே போச்சு.

"எந்த மீனுக்கும்னு சொல்லும்போதே அந்த பக்கெட் ஞாபகம் வந்துடுது மேடம்" என்றான்.

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது சார். வேற யாராவது வைக்கட்டும்."

வாசலில் நின்றிருந்த பிரிசில்லா உள்ளே வந்தாள். "நான் வைக்கிறேன். என் மீனுக்குத்தானே." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தகட்டில் வைத்து, வாக்கியத்தைச் சொன்னாள்.

சிவப்பு.

"நீங்க என்னக்கா பண்ணீங்க?" என்றான் எத்திராஜ்.

"என் கையாலதானேப்பா போட்டேன். மூணாவது நாளே ரெண்டு மீன் மிதந்துச்சு. பசியில வாடுதுன்னு நெனச்சு இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

உறையைப் பற்றி அவளிடம் அவன் இன்னும் சொல்லவில்லை. இப்போதாவது சொல்லியிருக்கலாம். தன் பாவத்தை இவள் சுமக்கிறாள் என்பது தெரிந்தது. அதற்குப் பதில் வியாபாரக் கூட்டாளி சபாபதிக்கு போன் போட்டான்.

சபாபதிக்கும் எல்லாம் தெரியும். அந்த இரண்டு வரியை எத்திராஜ் அன்றே போனில் படித்துக் காட்டியிருந்தான். நடந்தது நடந்துபோச்சு என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனவன் சபாபதி. இப்போது அரை மணி நேரத்தில் வந்தான். எந்தப் பெட்டி என்றுகூடக் கேட்காமல் கையை வைத்துச் சொன்னான். பச்சை.

கடைசியாக அதிகாரியும், ‘முறைப்படி சோதித்தேன்’ என்று சொல்லிக் கை வைக்க வேண்டும். ரெஹனா வைத்தார். சிவப்பு. போன மாதம் அந்த அறுபது பெட்டியைத் துறைமுகத்திலிருந்து வெளியே விட்டதும் அவர்தான். பிரிசில்லாவை ஒருமுறை பார்த்தார். இன்னொரு முறை கை வைத்தார். அதுவும் சிவப்பு. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சபாபதி சார், இங்கயும் கொஞ்சம் கை வைக்கிறீங்களா?"

"அதுக்கென்ன மேடம்."

பச்சை. சீட்டு அச்சாகி வந்தது.

"தினமும் காலையில ஒருதரம் வந்துட்டுப் போக முடியுமா?" என்று ரெஹனா தணிந்த குரலில் கேட்டார். வந்துட்டாப் போச்சு என்றான் சபாபதி.

வெளியே, வண்டியில் எத்திராஜ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். சபாபதி ஜன்னல் வழியாகப் புது உறை ஒன்றை நீட்டினான்.

"அடுத்த உலர்புழு லோடு நாளைக்கு வருது. கையை நான் வச்சுக்கறேன். நீ இதைப் பிரிச்சுக் கிரிச்சுத் தொலைக்காதே, அப்புறம் விக்க மனசு வராது. பிரிச்சேன்னா உன் மருந்துப் பெட்டிக்கு நான் வரமாட்டேன்."

பதினோரு மீனுக்கு இன்னும் இரண்டு பெட்டி மருந்து வர வேண்டியிருந்தது. எத்திராஜ் உறையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான்.

பக்கத்தில் ஏறி உட்கார்ந்த பிரிசில்லா கேட்டாள். "அது என்னப்பா?"

"ஒண்ணுமில்லக்கா, பில்லு" என்றான்.

அவன் கை அப்போது மருந்துப் பெட்டியின் மேல்தான் இருந்தது. தகட்டின் மேல் இல்லை.