சிரித்த முகத்துக்கும் கோபம்

சித்தூரில் பெரியம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யாமினி ஆரம்பித்துவிட்டாள். "பெரியம்மா, என் பயிற்சியால ஒருத்தன் வேலையே போகப்போவுது!"

"முதல்ல மோர் குடி," என்றார் ரத்னம்மா. குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதற மாட்டார்.

யாமினி உளவியல் நிபுணர். திருப்பதிக்கு அருகே ஒரு ராணுவ முகாமில், வீரர்களுக்குள் சண்டையைக் குறைக்கக் கம்ப்யூட்டர் பயிற்சி நடத்திவந்தாள். திரையில் ஒரு முகம் வரும். கோபமா, சாந்தமா என்று பொத்தானை அழுத்த வேண்டும்; சரியா தப்பா என்று கம்ப்யூட்டர் சொல்லும். பெரும்பாலானவை இரண்டும் கெட்டான் முகங்கள். எதையும் பகையாகவே பார்க்கும் மனதை அவை மெல்லத் திருப்பும். கவனத்தைச் சோதிக்க, வாய்விட்டுச் சிரிக்கும் முகமும் பல்லைக் கடிக்கும் முகமும் நடுநடுவே வரும்.

நகரிக்காரன் மணிவேல் நன்றாகத் தேறிவந்தான். ஆனால் திங்கட்கிழமைத் தேர்வில் சிரித்த முகங்களுக்குக்கூடக் கோபம் என்று பதிவாகியிருந்தது. முன்பு ஒரு சண்டையில் சக வீரன் நாகேந்திரனின் உதட்டையும் கிழித்திருந்தான். இவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கலாமா என்று முகாமின் கர்னல் யோசித்தார். வீட்டுக்கு அனுப்பும் பேச்சும் எழுந்தது.

மறுநாள் யாமினியும் ரத்னம்மாவும் முகாமுக்குப் போனார்கள். பயிற்சி அறையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரைச் சுற்றியும் தடுப்பு. உள்ளே இருப்பவர் முகம் தெரியாது.

"இந்தக் குழுவுல எல்லாருக்கும் பொத்தான்மேல தமிழ்தான்," என்று யாமினி காட்டினாள். "இடது பொத்தான் கோபம். நாகேந்திரனுக்கு மட்டும் தெலுங்கு. சூளூர்பேட்டைக்காரன், தமிழ் பேசுவான், படிக்க வராது. தெலுங்குல செஞ்சவங்க பொத்தானை இடம் மாத்தி வச்சுட்டாங்க. தேர்வு அன்னைக்குச் சரியா தப்பான்னு கம்ப்யூட்டர் சொல்லாது."

யாமினி வரச்சொல்லி வந்த மணிவேல் தலை நிமிரவில்லை. "நான்தாம்மா அழுத்தினேன். வேற ஒண்ணும் கேக்காதீங்க." அவன் கால்சட்டையின் முழங்காலில் துவைத்தும் போகாத சிவப்புக் கறை.

"ரத்தம்! மறுபடியும் சண்டை போட்டிருக்கான்," என்று யாமினி காதோடு சொன்னாள்.

ரத்னம்மா குனிந்து பார்த்தார். சிவப்பின் ஓரமெல்லாம் மஞ்சள்.

"யாமினி, பல்லைக் கடிக்கிற முகத்துக்கு என்ன பதிவாயிருக்கு?"

அவள் தேடிப் பார்த்துத் திகைத்தாள். "எல்லாத்துக்கும் சாந்தம்னு!"

"கர்னலையும் நாகேந்திரனையும் கூப்பிடு."

எல்லோரும் வந்ததும் ரத்னம்மா நிதானமாகப் பேசினார். "கோபக்காரனுக்கு எல்லா முகமும் கோபமாத் தெரியலாம். பல்லைக் கடிக்கிறவன் சாந்தமாத் தெரிவானா? இதுல ஒரு பதில்கூடத் தப்பில்ல சார், அத்தனையும் இடம் மாறியிருக்கு. பொத்தான்மேல இருந்த தமிழைப் படிக்கத் தெரியாம, பழக்கத்துல கை போன பக்கம் அழுத்தியிருக்கார் ஒருத்தர்."

எல்லோர் பார்வையும் நாகேந்திரன்மேல் திரும்பியது.

"பழி வாங்கியிருக்கான்!" என்றாள் யாமினி.

"கெடுக்க நெனச்சிருந்தா எல்லாத்துக்கும் கோபம்னு அழுத்தியிருப்பான். இவன் மணிவேலுக்கு நல்ல பேர் வாங்கித்தரப் பார்த்திருக்கான்." ரத்னம்மா மணிவேலிடம் திரும்பினார். "முழங்கால்ல மஞ்சள் குங்குமம். மலைப்படிக்குப் படி பொட்டு வைக்கிற இடத்துல மண்டி போட்டிருக்கே. திருமலைக்கு ஏறுற அலிபிரியில யாருக்கு என்னப்பா ஆச்சு?"

மணிவேல் இப்போதுதான் தலை நிமிர்ந்தான். "எங்க நைனா, அப்பாதாம்மா. படியேறிக்கினு இருக்கும்போதே மயங்கி வுழுந்துட்டார்னு போன் வந்துச்சு. லீவு கேக்கக்கூடத் தோணல, ஓடிட்டேன். தூக்கி மடியில போட்டுக்கினு ஆஸ்பத்திரி சேத்தேன். இப்ப நல்லாகீறார். சொன்னா இவனும் மாட்டுவானேன்னுதான்…"

"தப்பு நாதே சார், என்னுதுதான்," என்று நாகேந்திரன் முன்னால் வந்தான். "போன்ல கத்திக்கினு இருந்தான். முன்னே மாதிரி இருந்தா என்னைத்தான் திட்டறான்னு சட்டையைப் பிடிச்சிருப்பேன். அன்னைக்கு மூஞ்சியைப் பார்த்தேன். கோபம் இல்ல, பயம்னு தெரிஞ்சது. 'நுவ்வு போ, தேர்வுல உன் எடத்துல நான் உக்கார்றேன்'னு நான்தான் அனுப்பினேன்."

யாமினி நாற்காலியில் சாய்ந்தாள். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

"சொல்லாமப் போனது குற்றம். ஆள் மாறி உக்கார்ந்ததும் குற்றம்," என்றார் கர்னல். "ஒரு வாரம் ரெண்டு பேரும் சேர்ந்து மைதானம் பெருக்குங்க. மணிவேல், முதல்ல ஒழுங்கா லீவு எழுதிக் கொடுத்துட்டு அப்பாவைப் பார்த்துட்டு வா. துப்பாக்கி உன்கிட்டயே இருக்கட்டும்."

இருவரும் விறைப்பாக சல்யூட் அடித்தார்கள். வெளியே வராந்தாவைத் தாண்டியதும், நாகேந்திரன் மணிவேலின் தோளில் கை போட்டு ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கேட்பது ஜன்னல் வழியாக யாமினியின் காதில் விழுந்தது.