பேச்சுக்குக் கூப்பிட்ட விருந்தாளி

ஆடி மாதத்தில் டுபாய்க்கு உல்லாசப் பயணம் போகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பதினெட்டு வருடமாக ஒருவரோடு குடும்பம் நடத்துகிறேன். பெயர் பற்றிக். மொன்றியலில், சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஜூலைக் கடைசி இரண்டு கிழமையும் கியூபெக்கில் கட்டட வேலைக்காரருக்கு விடுமுறை; அதோடு சேர்த்து இவருடைய தொழிற்சாலையையும் மூடிவிடுவார்கள். மற்றச் சனம் அந்த நாட்களில் ஏரிக்கரைக்குப் போகும். இவர் 2007இல் பாலைவனத்துக்குப் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. எங்கள் கோயில் பங்கில் அதுவரை ஒருவரும் டுபாய் பார்க்கவில்லை என்பதுதான் காரணம்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து கண் தெரியாமல் போனது. அப்படி ஒரு புழுக்கம். ஹோட்டலுக்குள் போனால் பற்கள் அடிக்கிற குளிர். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியைத் தட்டினாள், பற்றிக்கைப் பார்த்தாள், உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். நீங்கள் பதிந்தது சின்ன அறை, ஆனால் பத்தொன்பதாம் மாடியில் பெரிய சூட் ஒன்றையே தருகிறோம் என்றாள். தன் முகத்தைப் பார்த்ததும் ஆளை மதித்துவிட்டார்கள் என்று பற்றிக் லிப்டில் நெஞ்சை நிமிர்த்தினார். லிப்டுக் கண்ணாடியில் நானும் அந்த முகத்தைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சூட் என்றால் வீடுதான். எட்டுப் பேர் சாப்பிடுகிற மேசை, இரண்டு படுக்கையறை, ஒரு ஹோல். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு வெளியே பல்கனி, பல்கனிக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று வெய்யில். பற்றிக் சப்பாத்தைக் கழற்றமுதல் மொன்றியலில் நாங்கள் இருக்கிற லாசாலில் நாலு வீட்டுக்குப் போன் போட்டு, குளியலறையில் எத்தனை குழாய் என்று சொன்னார். எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். குளியல் தொட்டியில் ஒரு மணித்தியாலம் கிடந்தேன்.

ஆனால் அந்த இரண்டாவது படுக்கையறையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. லாசாலில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு அறை இருக்கிறது. பின்பக்கத்து அறை. கட்டில் விரித்தபடி, ஒருவரும் படுக்காமல். மன்னாரில் என் தங்கச்சி கத்தரின் அந்த அறையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். சண்டைக் காலம்; கடைக்குப் போன அவளுடைய புருஷன் திரும்பி வரவில்லை. தனியே இருக்கப் பயமாக இருக்கிறது, விசாவுக்கு அத்தானின் அழைப்புக் கடிதம் ஒன்று வேண்டும் என்று எட்டு மாதமாகக் கேட்கிறாள். பற்றிக் ஒவ்வொரு தடவையும் “பாப்பம்” என்பார். யாழ்ப்பாணத்து மனிதர் பாப்பம் என்றால் பார்க்கமாட்டார் என்று அர்த்தம். அதை நான் கத்தரினுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டுப் படுத்தோம். நேர மாற்றத்தில் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. பற்றிக் குறட்டை விட்டார். எனக்கு நித்திரை வரவில்லை. ஏசி இரைந்தது. அதற்குள்ளே இன்னொரு சத்தம்.

டொக். டொக்.

மெல்லத் தட்டுகிற சத்தம். சுவரிலா, கதவிலா என்று தெரியவில்லை. பற்றிக்கை உலுப்பினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, ஆரோ வேலைக்காரராக இருக்கும், நீர் பேசாமல் படும் என்றார்.

சத்தம் விட்டு விட்டு வந்தது. எழுந்து ஹோலுக்குப் போனேன். சலவைத் தூள் மணமும், சுட்ட மண்ணின் மணமும் கலந்து வந்தன. திரையை விலக்கினேன். பல்கனியில் ஒருவரும் இல்லை. அந்த வெய்யிலில் ஒரு காகம்கூட நிற்காது.

கண்ணாடியின் வெளிப்புறத்தில் இரண்டு உள்ளங்கை அடையாளம் இருந்தது.

ஈரமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே விரல் விரலாகக் காய்ந்து மறைந்தது.

பற்றிக்கிடம் சொன்னேன். உமக்கு வெக்கை தலைக்கேறிவிட்டது என்றார். அவருக்குத் தெரியாத எதுவும் உலகத்தில் நடப்பதில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் வந்தாள். கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஹோலின் நடுவில் நின்றாள். துப்புரவுப் பெண்களின் சாம்பல் நிற உடுப்பு, நெஞ்சில் நிரஞ்சனி என்று பெயர்த் தகடு. முப்பது வயது மதிக்கலாம். உதடு இரண்டும் வெடித்திருந்தன. கையில் வாளியோ துணியோ இல்லை. தமிழ் ஆள் என்று தெரிந்ததும் பற்றிக் எங்கள் சனத்தின் முதல் கேள்வியைக் கேட்டார், எந்த ஊர் என்று. முருங்கன் என்றாள். என் பக்கத்து ஊர். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். போத்தலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று கொடுத்தேன். அதையும் குடித்தாள். மேசையில் இருந்த ஆறு போத்தலும் முடிந்தன. அவளுடைய தொண்டை அசையவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

பற்றிக் அதையெல்லாம் எங்கே கவனித்தார்? அவருக்குப் பெருமை அடிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது. கமெராவை எடுத்து எங்கள் வீட்டுப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பின்பக்கத்து அறையின் படம் வந்தபோது அவள் குனிந்து பார்த்தாள்.

“இந்த அறையிலை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தருமில்லை. சும்மாதான் கிடக்கு.”

“அங்கை குளிரோ அண்ணை?”

“குளிரோ எண்டு கேக்கிறாய்? ஆறு மாசம் பனி. மொன்றியல் பக்கம் வந்தா நீ எங்கட வீட்டைதான் நிக்கவேணும், சொல்லிப்போட்டன்.”

எங்கள் சனம் இப்படிக் கூப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, வாங்கோவன், ஒரு நாள் வந்து நில்லுங்கோவன் என்போம். கேட்கிறவர் ஓமோம், பேந்து வாறம் என்பார். கூப்பிடுகிறவருக்கும் எண்ணமில்லை, வருகிறவருக்கும் எண்ணமில்லை. இரண்டு பக்கமும் தெரிந்த பொய் என்பதால் அதைச் சுவாமியாரிடம் பாவம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்தில்கூட ஒருவரும் சொல்வதில்லை. நிரஞ்சனியும் ஓமோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கவேண்டும். அவள் அப்படிச் சொல்லவில்லை.

“உண்மையாத்தான் கூப்பிடுறியளோ?” என்று கேட்டாள்.

“பின்னை என்ன, பொய்யாவோ?”

“அறையை எனக்குத் தருவியளோ?”

“சத்தியமா. அந்த அறை உனக்குத்தான்.”

வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பது இவரைப் பார்த்துத்தான் சொன்னார்களோ தெரியாது. நான் வெறும் போத்தல்களைப் பொறுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவளைக் காணவில்லை. அவள் நின்ற இடத்தில் கம்பளத்தை மிதித்துவிட்டேன். பாதம் சுட்டது.

கத்தரினுக்கு இல்லாத அறை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பற்றிக் சிரித்தார். “விசரே உமக்கு? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவள் எங்கை வரப்போறாள்?”

அடுத்த நாள் குளியலறைக்குத் துவாய்கள் கொண்டுவந்தவர் ஆனந்தராசா என்ற மட்டக்களப்பு மனிதர். நேற்று வந்த நிரஞ்சனி எங்கே என்று கேட்டேன். அவர் துவாய்களை வைத்த கை வைத்தபடி நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். போன வருடம் இதே மாதம் அவள் இந்தப் பல்கனிக் கண்ணாடியைத் துடைக்க வெளியே போயிருக்கிறாள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே தங்கியிருந்தவர்கள் திரையை மூடிக்கொண்டு மத்தியான நித்திரை. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அவள் தட்டியிருக்கிறாள். கதவு திறந்தபோது உயிர் இல்லை.

“அந்த மனிசனுக்குச் சத்தம் கேட்டதாம் அக்கா. ஆரோ வேலைக்காரர் எண்டு விட்டுட்டாராம்.”

என் புருஷனின் முகத்தைப் பார்த்தேன். அதே சொல்லை இரண்டு நாளைக்கு முன் கட்டிலில் சொன்னவர், சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறையை மாற்றித் தருவார்களாம், ஆனால் சின்ன அறைதான் இருக்கிறதாம். பற்றிக் சம்மதிக்கவில்லை. பேய்க்குப் பயந்து பெரிய அறையை விடுகிற விசரன் தானில்லை என்றார். மிச்ச மூன்று நாளும் எல்லா விளக்கையும் எரியவிட்டு, டிவியைச் சத்தமாகப் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்தார். அந்தக் கையை உதறவேண்டும்போல் இருந்தது. எனக்கும் பயமாக இருந்ததால் உதறவில்லை.

மொன்றியலுக்கு வந்து பங்கு முழுக்க டுபாய்ப் புராணம் படித்தார். குழாய்கள் வந்தன, எட்டுப் பேர் மேசை வந்தது. நிரஞ்சனி மட்டும் வரவில்லை. கத்தரின் மாதத்துக்கு ஒரு முறை கேட்டாள். அவர் பாப்பம் என்றார்.

தை மாதம் குளிர் சைபருக்குக் கீழே இருபத்தேழு பாகைக்கு இறங்கியது. ஒரு காலை, குப்பை போடப் பின்னால் போனபோது பார்த்தேன். வீட்டின் எல்லா ஜன்னலிலும் உறைபனி அப்பிக்கிடந்தது. பின்பக்கத்து அறை ஜன்னலில் மட்டும் இல்லை. கண்ணாடி துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அதன் கீழே சுவரோரம் பனி உருகி, புல் தெரிந்தது.

அந்த அறைக்கு நாங்கள் ஹீட்டர் போடுவதில்லை.

உள்ளே போய்க் கதவில் கையை வைத்தேன். பலகை சுட்டது. கதவிடுக்கால் சலவைத் தூள் மணம் வந்தது.

பற்றிக்குக் காட்டினேன். ஏதோ சுடுதண்ணிக் குழாய் வெடித்திருக்கும் என்றார். திருத்துவதற்காகக் கதவைத் திறந்து உள்ளே போனவர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வெளியே வந்து குசினி நாற்காலியில் இருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

“படுத்திருக்கிறாள்,” என்றார்.

நான் போய்ப் பார்த்தேன். கட்டிலில் ஒருவரும் இல்லை. ஆனால் தலையணை பள்ளமாக இருந்தது. அதைத் தொட்டேன். காய்ச்சல்காரனின் நெற்றிபோல் கொதித்தது.

பிறகு எல்லாம் செய்தோம். பங்குச் சுவாமியார் வந்து செபித்துத் தீர்த்தம் தெளித்தார். தெளித்த துளி சுவரில் பட்டதும் காய்ந்தது. யார் அழைத்த ஆள் என்று சுவாமியார் கேட்டபோது, பற்றிக் என்னைப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அவரை நான் அவ்வளவு கேவலமாகப் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பின்னேரமே அவர் கத்தரினுக்கு அழைப்புக் கடிதம் எழுதினார். பதினாலு மாதம் கெஞ்சிக் கிடைக்காத கடிதம் அரை மணித்தியாலத்தில் வந்தது. எங்கள் வீட்டில் தனி அறை இருக்கிறது என்று எழுதி, நொத்தாரிசிடம் ஓடிக் கையெழுத்து வைத்து, கூரியரில் அனுப்பினார். எனக்கு விளங்காமல் இல்லை. என் தங்கச்சியில் இரக்கம் வந்து எழுதின கடிதம் அல்ல அது. அந்தக் கட்டிலில் உயிருள்ள ஒரு ஆளைப் படுக்கப் போட்டால் மற்றது எழுந்து போய்விடும் என்று மனிதர் கணக்குப் போட்டிருந்தார். அப்படிப்பட்ட கணக்கு என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கத்தரின் வந்து சேர்ந்தால் போதும் என்று இருந்தது. என்னோடு என் அறையில் படுக்கட்டும், அவர் வேண்டுமானால் ஹோலில் படுக்கட்டும் என்று நினைத்தேன்.

மூன்று கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, டெலிபோன் காட் ஒன்றைச் சுரண்டி மன்னாருக்கு எடுத்தேன். பற்றிக் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும்தான். ஹோல் போனில் நின்று, கடிதம் கிடைத்ததா, விசாவுக்குப் போட்டாச்சா என்று கேட்டேன்.

கடிதம் வந்தது, கிழித்துவிட்டேன் என்றாள் கத்தரின்.

ஏன் என்று கேட்டேன்.

“உங்கட வீட்டிலை இருக்கிற அக்கா போன வியாழன் எனக்குப் போன் எடுத்தவ,” என்றாள். “கதைக்கிறது எங்கட பக்கத்துப் பேச்சுத்தான். அறையிலை தான் இருக்கிறாவாம். அத்தான் சத்தியம் பண்ணிக் கூப்பிட்டவராம். வேறை ஆளுக்கு இடமில்லையாம்.”

“கத்தரின், அது பொய். கேள். அப்பிடி ஒருத்தரும்...”

“அத்தான் வேறை ஆருக்கோ அறையைக் குடுத்திட்டு எனக்கு ஏன் கடிதம் போடுறார்? நான் எவ்வளவு கெஞ்சினனான் அக்கா.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “படகுக்குச் சொல்லியாச்சு. இண்டைக்கு ராமேஸ்வரத்துக்குப் போறன். வைக்கட்டே?”

போகாதே, கடல் சரியில்லை என்று கத்தினேன். அவள் வைத்துவிட்டாள்.

நான் ரிசீவரைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் நாலு அறைக்கும் நாலு போன், எல்லாம் ஒரே லைன். அதுவும் பற்றிக்கின் பெருமைதான். மன்னார்ப் பக்கம் வெறுமையாக இருந்தது. ஆனால் லைனில் மூச்சுச் சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்காத தொண்டையின் வறண்ட மூச்சு.

“அவ என்ரை தங்கச்சி,” என்றேன்.

பின்பக்கத்து அறையில் ரிசீவரை மெல்ல வைத்தார்கள்.