துயரச் சான்றிதழ்

வருத்த வகுப்பு முடிந்து ஒச்சப்பன் வீட்டுக்கு வந்தபோது, இன்றைக்காவது அழுகை வந்ததா என்று அவர் மனைவி பேச்சி கேட்டாள். வரவில்லை என்று தலையாட்டினார். மகளின் மறுவீட்டு விருந்துக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. புது மருமகனுக்குக் கறிச்சோறு போடாமல் இலையைப் போட்டால் சம்பந்தி வீட்டார் ஆயுசுக்கும் பேசுவார்கள்.

செவ்வானூரில் வருத்தப்படத் தெரியாமல் கறி விருந்து போட முடியாது. அந்தக் கோளில் மனிதர்கள் குடியேறியபோது, மூச்சுக் காற்றுக்காகப் பெரிய கண்ணாடிக் கவிகை ஒன்றைக் கட்டி, அதற்குள் காடு வளர்த்தார்கள். காடு என்றால் அழகுக்கு நாலு மான் வேண்டாமா என்று யாரோ கேட்டு, உறைந்த கருக்களாக மான்களும் வந்து சேர்ந்தன. புலியைக் கொண்டுவர யாருக்கும் தைரியம் வரவில்லை. மான்கள் பெருகி, காற்று தரும் இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிட, அவற்றை வேட்டையாடச் சட்டம் வந்தது. எந்திரங்கள் எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பது அதற்கு முந்தைய சட்டம். ஆகவே கறி வேண்டுமென்றால் மனிதன்தான் போக வேண்டும். விருந்துக் கறி என்றால் விருந்து வைக்கிறவரே அடித்ததாக இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

போகிறவர் காதுக்குப் பின்னால் நெஞ்சளவி என்ற சிறு வில்லையை ஒட்டிவிடுவார்கள். கொன்றவருக்கு உள்ளே எவ்வளவு துயரம் என்று அது நூற்றுக்கு மதிப்பெண் போடும். அறுபதுக்குக் குறைந்தால் மான் உரக்குழிக்குப் போய்விடும். கொன்று மகிழ்கிறவனாக மனிதன் திரும்பவும் ஆகிவிடக் கூடாது என்று முன்னோர் யோசித்து எழுதிய நல்ல சட்டம் அது.

சட்டம் வந்த கையோடு டியூஷனும் வந்துவிட்டது. ஞானசிகாமணி மாஸ்டரின் வருத்தப் பயிற்சி மையத்துக்கு வெளியே, எண்பதுக்கு மேல் வாங்கியவர்களின் அழுத முகங்களைப் பெரிய பலகையில் போட்டிருந்தார்கள். மாஸ்டர் சொல்லிக்கொடுத்த வழி எளிமையானது. மான் விழுகிற நேரத்தில் பெற்ற தாய் செத்துக் கிடப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒச்சப்பனின் அம்மாவோ நல்ல திடகாத்திரமாக இருந்தாள். அவர் எத்தனை முறை அவளை மனசுக்குள் படுக்க வைத்தாலும், அவள் எழுந்து உட்கார்ந்து, “கறி ஆச்சாடா?” என்று கேட்டாள்.

விருந்துக்கு முந்தின நாள் விடிகாலையில் அவர் கவிகைக் காட்டுக்குள் போனார். காற்று வடிகட்டி நிலையத்தில் காலமெல்லாம் திருகாணி முடுக்கிய மனிதர். கொசுவைத் தவிர எதையும் அடித்ததில்லை. கையில் ஓசையில்லாத ஊசித் துப்பாக்கி. ஓடைப் பக்கம் ஒரு கிளைக்கொம்பு மான் தனியாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குறி பார்த்தார். எப்போது விசையை அழுத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை.

மான் ஓடவில்லை. எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்தது போல இரண்டடி வைத்து, நின்று, மெதுவாக உட்கார்ந்து, தலையைச் சாய்த்தது.

ஒச்சப்பனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பட்டுவிட்டது, முதல் குறியிலேயே பட்டுவிட்டது என்று யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. ஐம்பது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் தனக்குள் கிடந்திருக்கிறது என்று தெரிந்து பயந்தார். கிட்டே போனார். கண் திறந்தே இருந்தது. தொட்டார், சூடாக இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது, ஆனால் மானிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அப்போது பார்த்து அவருக்கு அகோரமாகப் பசித்தது. வெட்கமாகப் போய்விட்டது. கூடவே, அந்த மானும் தானும் மட்டும் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டது போலவும், அதை இனி யாரிடமும் சொல்ல முடியாது போலவும் ஒரு எண்ணம். அது என்னவென்றுதான் பிடிபடவில்லை. மாஸ்டர் சொன்ன பாடம் ஞாபகத்துக்கே வரவில்லை.

காட்டின் வாயிலில் சோதகன் காத்திருந்தது. நெஞ்சளவிகளைப் படித்துச் சான்றிதழ் தருகிற எந்திரம் அது. பணிவாகப் பேசும், பாடப் புத்தகத் தமிழில்.

“துயரம் இருபத்திரண்டு. மகிழ்ச்சி இருபத்து நான்கு. பசி, அச்சம், வெட்கம் ஆகியவை சிறிதளவு. எஞ்சியவற்றுக்கு என்னிடம் பெயர் இல்லை. பொருந்தாத முடிவு.”

ஒச்சப்பன் தனக்குத் தெரிந்தவரை விளக்கிப் பார்த்தார். சந்தோஷம் வந்தது நிஜம், ஆனால் அது சந்தோஷம் மட்டும் இல்லை, வருத்தமும் இருந்தது, ஆனால் வருத்தம் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும் என்றார்.

“என்னமோ ஆச்சு சார் உள்ளுக்குள்ள. என்னன்னு எனக்கே தெரியல. தெரிஞ்சா சொல்லிற மாட்டேனா?”

தெரியாதது மதிப்பெண்ணில் சேராது என்று சோதகன் வருத்தம் தெரிவித்தது. பிறகு மானைத் தள்ளுவண்டியில் ஏற்றி, உரக்குழியை நோக்கி நகர்த்தியது.

வண்டி நகர நகரத்தான் ஒச்சப்பனுக்கு விஷயம் உறைத்தது. நாளை மதியம் இருநூறு இலை. இலையில் சாம்பார். பக்கத்தில் முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம். சம்பந்தி ஒரு வாய் வைத்துவிட்டு மெதுவாகத் தன் தம்பியைத் திரும்பிப் பார்ப்பார். மகள் தலை குனிந்துகொள்வாள். “ஒரு மானுக்கு அழத் துப்பில்லையா?” என்று பேச்சி கேட்பாள். ஒச்சப்பன் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தில் அடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார்.

தள்ளுவண்டி நின்றது. காதுக்குப் பின்னால் நெஞ்சளவி கூவியது.

“தொண்ணூற்றாறு,” என்றது சோதகன். “என் பணிக்காலத்தில் இவ்வளவு தூய துயரத்தை நான் கண்டதில்லை. தங்களைத் தவறாக மதிப்பிட்டுவிட்டேன். மன்னியுங்கள்.”

ஒச்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவர் நேர்மையான ஆள். “இல்ல சார், நான் அழுதது மானுக்காக இல்ல...”

அளவி பொய் சொல்லாது, துயரத்தில் இருப்பவர்கள் இப்படித்தான் குழம்பிப் பேசுவார்கள் என்று ஆறுதல் சொல்லி, சோதகன் சான்றிதழை நீட்டியது. அவர் வாங்கிக்கொண்டார்.

விருந்து குறையில்லாமல் நடந்தது. முதல் மான் எப்படியிருந்தது என்று மருமகன் மரியாதைக்குக் கேட்டான். ஒச்சப்பன் அவசரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடையிலிருந்து தொடங்கி, அந்தச் சூட்டையும் பசியையும் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு கவளம் மெல்லும் நேரம் அவன் கேட்டான். பிறகு பாத்திரத்தை எட்டிப் பார்த்து, “எலும்பில்லாத பீஸ் இருக்குமா மாமா?” என்றான். தேடிப் பொறுக்கி வைத்தார். சம்பந்தி மட்டும் கறி இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம் என்று அபிப்பிராயப்பட்டார்.

அடுத்த வாரம் ஒச்சப்பனின் அழுத முகம் பலகையில் எல்லோருக்கும் மேலே ஏறியது. மாஸ்டர் அவரை வகுப்புக்கு அழைத்து, மாலை போட்டு, அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன நினைத்தீர்கள் என்று மாணவர்கள் முன்னால் கேட்டார். ஒச்சப்பனுக்கு மறைக்கத் தெரியவில்லை.

“சாம்பாரை நினைச்சேன்,” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் திரும்பிக் கரும்பலகையில் ‘சாம்பார்’ என்று எழுதி அடிக்கோடிட்டார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

அந்தப் பருவத்தில் செவ்வானூரில் ஒருவர்கூடத் தொண்ணூறுக்குக் கீழே வாங்கவில்லை. மனிதர்கள் மான்களை இதுவரை இல்லாத அளவுக்கு நேசிக்கிறார்கள் என்று சோதகன் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது. இவ்வளவு அன்புள்ளவர்களை நம்பலாம் என்று மேலிடமும் மகிழ்ந்து, வேட்டையாடக்கூடிய மான்களின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கியது.

ஒச்சப்பன் அதன் பிறகு காட்டுக்குப் போகவில்லை. ஓடைக்கரையில் வந்த அந்தப் பெயர் தெரியாதது எப்போதாவது நெஞ்சில் வந்து முட்டும். அது என்னவென்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை, இன்னொரு முறை பார்த்துத் தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்காரர் அடித்து வருவதில் ஒரு கிலோ வாங்கிக்கொண்டார், எலும்பு குறைவாக. வாங்கிச் சாப்பிடுகிறவர்களின் நெஞ்சை அளக்கச் சட்டத்தில் இடமில்லை.